ஆற்றுக்கு வாசித்த எண்கள்

தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, ஆற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிறவள். சாயத் தொழிற்சாலையின் கழிவுக்குழாய் விழும் இடத்துத் தண்ணீர் மாதாமாதம் கெட்டதாகவே வந்தது. அவள் எழுதிக் கொடுப்பாள். அதிகாரி கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பார். கிணற்றில் போட்ட கல்.

போன வருடம் ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்த கணவர் எழுந்திருக்கவே இல்லை. அவள் அழவில்லை. பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். "கல்லு மாதிரி இருக்கா" என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஒருநாள் காலை சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது, கழிவுக்குழாய்க்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கைகோத்து வட்டமாக நின்றிருந்தார்கள். நெற்றியில் கரைமண். நடுவில் நின்றவள் பேக்கரி நடத்துகிறவள். காணாமல் போன மீன்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தாள். மற்றவர்கள் "வா" என்றார்கள். அவர்களுக்குக் கோயில் கிடையாது, வேதம் கிடையாது. ஆறுதான் தெய்வம். முழுநிலா நாளில் காலை வழிபாடு, அது முடிந்ததும் தொழிற்சாலை வாசலில் மறியல்.

சொட்டக்கா அவர்களைக் கவனிக்காமல் பாட்டிலை ஆற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை அலசினாள்.

"நாங்களும் கைய மூணு தடவதான் கழுவுவோம். நீ எந்தச் சாமிக்குக் கழுவுற தங்கச்சி?" என்றாள் பேக்கரிக்காரி.

"சாமிக்கில்லக்கா. பழைய அழுக்கு கணக்குல சேந்துடக் கூடாது."

"அதேதான் நாங்களும் சொல்றோம். சரி, இதுல என்னதான் இருக்கு? எங்களுக்கும் சொல்லேன்."

அடுத்த முழுநிலாவுக்குச் சொட்டக்கா ஒரு தாளோடு வந்து வட்டத்தில் நின்றாள். ஏன் வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆக்சிஜன் ஒண்ணு புள்ளி ரெண்டு. மீன் பொழைக்கக் கொறஞ்சது நாலு வேணும்." ஈயம், உப்பு, சாயம் என்று வரிசையாக வாசித்தாள். இருவர் விசும்பினார்கள். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து பிடித்தாள். பிறகு மாதம் தவறாமல் போய் வாசித்தாள். எண்களைக் குறித்துக்கொண்ட பேக்கரிக்காரி அவற்றை வைத்து நீதிமன்றத்தில் மனுப் போட்டாள்.

அதிகாரி கூப்பிட்டார்.

"நீங்க எந்தச் சாமிய வேணா கும்பிடுங்க. ஆபீஸ் நம்பர எதுக்கு ஆத்துக்கு வாசிக்கிறீங்க?"

"அது ஆத்தோட நம்பர் சார்."

அவளைப் பழைய கோப்பறைக்கு மாற்றினார்கள். நீதிமன்றத்தில் "இது நீங்க எடுத்த கணக்குதானா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றாள். கேட்டது அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது; குழாய் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். வட்டத்தார் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆற்றைக் கும்பிடுகிறவர்களோடு சேர்ந்து அம்மா கெட்டுப்போகிறாள் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்த மகளும் வந்திருந்தாள்.

"சந்தோஷமா இல்லையாம்மா?"

"இருக்கணும்ல," என்றாள். உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டே வாரம். தொழிற்சாலையிலிருந்து டேங்கர் லாரிகள் கழிவை ஏற்றிக்கொண்டு மேற்கே போவதாகவும், எங்கே கொட்டுகிறார்கள் என்று தெரியவில்லை என்றும் பேக்கரிக்காரி போனில் புலம்பினாள். "ஆத்தா நம்மளக் கைவிட்டுட்டாளா தங்கச்சி?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. லாரி எத்தன மணிக்குக் கெளம்புது?"

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் நான்கு காலிப் பாட்டில்களை வைத்துக்கொண்டாள். லாரி தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் மகளின் தோளைத் தட்டி, "ரொம்ப ஒட்டிப் போகாதடி" என்றாள்.