பூனைக்கு ஐந்து யூனிட்

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வீட்டில் நானும் மனைவியும் ஒரு கடுவன் பூனையும். சில வாரங்களாகப் பூனை ஓயாமல் தண்ணீர் குடித்தது, இளைத்துக்கொண்டும் போனது. கொல்லையில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை மனைவி காட்டினாள். தகரத் தட்டில் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதித்தேன். சர்க்கரை இல்லாவிட்டால் மருந்து நீலமாகவே இருக்கும். அது செங்கல் நிறத்துக்கு மாறியது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர், "இன்சுலின்தான் சார். ரெண்டு யூனிட்ல ஆரம்பிங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துக் கூட்டுங்க" என்றார்.

தினமும் காலையில் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, பூனையின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி போடுவேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பூனைக்குப் போய் இன்சுலினா என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். என்ன போட்டும் சிவப்பு குறையவில்லை. ஒரு மாதத்தில் ஐந்து யூனிட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் சோதனையில் பச்சை வந்தது, சர்க்கரை நன்றாகக் குறைந்ததற்கு அடையாளம். மறுநாள் நீலம். அதற்கு மறுநாளும் நீலம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே ஐந்து யூனிட்டைத் தொடர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். பூனை சமையலறை வாசலில் தள்ளாடி விழுந்தது. கால்கள் இழுத்துக்கொண்டன.

"என்னங்க, கண்ணு நிலைகுத்திடுச்சு" என்றாள் மனைவி.

இன்சுலின் மிஞ்சிப்போய் உடம்பில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து, விரலால் அதன் ஈறில் தடவிக்கொண்டே இருந்தோம். அரை மணி கழித்து மெல்லத் தலையைத் தூக்கியது.

அதே ஐந்து யூனிட் திடீரென்று ஏன் மிஞ்சியது என்று விளங்கவில்லை. மாடியில் ஒரு பள்ளி ஆசிரியை குடியிருந்தார். ஒரு வாரம் கோலார் தங்கவயலில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் மாலைதான் திரும்பினார். சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்ததும், "ஒரு வாரமா டின் பால் கிடைக்கல, அதான் வாடிப்போச்சு" என்றார்.

"என்ன டின் பால்?"

"நான் ஸ்கூல் விட்டு வந்ததும் மேல வந்துடும் சார். எளைச்சுப் போச்சேன்னு டெய்லி ஒரு கிண்ணம் கலந்து வைப்பேன்."

டின் பால் சர்க்கரை போட்டுக் கெட்டியாக்கியது. அவர் அதைக் கொடுக்கக் கொடுக்க, நான் மருந்தைக் கூட்டியிருக்கிறேன். அவர் ஊருக்குப் போனதும் பால் நின்றது. நான் மருந்தைக் குறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதில் கோபம்கூட இல்லை.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரண்டு யூனிட்டுக்கே திரும்பினேன். அதுவே போதுமானதாக இருந்தது. நாங்கள் வெளியூர் போகிற நாட்களில் அந்த ஆசிரியையே ஊசி போட்டார். என்னைவிட அவருக்குக் கை லேசு. பூனை இன்னும் மூன்று வருடம் இருந்தது.

நாலு பேர் சிரிப்பார்களே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் ஓர் உயிர் போகப் பார்த்ததே என்று, இத்தனை வருடம் கழித்தும் மனது உறுத்துகிறது.