மெலிந்த ஆட்டுக்கு எவ்வளவு மருந்து?

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் பார்சல் தராசில் ஆட்டை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். ஆஸ்பத்திரியில் தராசு கிடையாது. எடை பார்க்காமல் பூச்சி மருந்து ஊற்றவும் மாட்டார். கல்லூரிக்குப் போகும் ரயிலை விட்டுவிட்டு நான் வேடிக்கை பார்ப்பேன்.

ஒருநாள் எலும்பும் தோலுமான ஆட்டோடு ஓர் அம்மாள் வந்தாள். அவளுக்கு இருந்ததே அந்த ஓர் ஆடுதான்.

"இன்னா நைனா, கொழுத்த ஆட்டுக்கு அவ்ளோ, என்னுதுக்கு இத்துனூண்டா? சர்க்கார் மருந்துதானே, உன் ஊட்டுதா?"

"எடைக்குத் தக்கனதாம்மா மருந்து. கூட ஊத்துனா பூச்சியோட ஆடும் பூடும்."

"வயிறு முழுக்கப் பூச்சி கீதே!"

"இருக்கட்டும். பூச்சிக்கு முன்னாடி ஆடுதானே குடிக்குது?"

கூட்டம் சிரித்தது. புரையேறாதபடி, தலையை அதிகம் தூக்காமல் மெல்ல ஊற்றினார். சற்று நேரத்தில் ஆடு துவண்டு படுத்தது. அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாது" என்றவர், அதனருகிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக்கூட எழவில்லை. வெயில் சாயும்போது ஆடு எழுந்து அசைபோட்டது.

"நான்தான் சொன்னேனேம்மா!" என்று அதட்டி அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "எனக்கு உள்ள உதறிக்கினே இருந்துச்சு தம்பி."

"ஒண்ணும் ஆவாது" என்ற அந்தக் குரலில் உதறலே கேட்கவில்லையே என்று இன்றும் வியக்கிறேன்.