அம்மாவின் கடையும் முயல் அங்கிளின் துவக்கும்

எங்கள் கடைக்குள் முயல் சுடுகிற துவக்கோடு வருகிறவர்களைக் கண்டு நான் ஒருநாளும் பயந்தவள் அல்ல. அந்த வயதில் எனக்கிருந்த பயமெல்லாம் கணக்கு ரீச்சரிலும் குளிர்காலக் காலைக் குளிப்பிலும்தான். சனிக்கிழமை என்றால் துவக்குகள் வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயத்திலிருந்து பூ வைத்த தொப்பிகள் வரும். இரண்டையும் ஒரே மாதிரித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கிரான்பர்னை மெல்பேர்ணின் ஒரு பகுதி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் மெல்பேர்ண்காரர்கள் சிரித்திருப்பார்கள். குதிரைப் பந்தயத் திடல், மரக்கறித் தோட்டங்கள், மணல் அள்ளும் கிடங்குகள், மாடுகள், மாடுகளைவிட அதிகமாக முயல்கள். இன்று அதே ஊரில் முருங்கைக்காய்க்கு ஆட்கள் இடிபடுகிறார்கள். அன்று முருங்கைக்காயைப் பற்றிப் பேசவே எங்கள் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. அப்பாவுக்கு டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கந்தோர் வேலை. அம்மா மில்க் பார் நடத்தினார். பால், பாண், பேப்பர், இனிப்பு, ஐஸ்கிறீம் எல்லாம் விற்கிற சின்னக் கடைக்கு அந்த நாட்டில் அதுதான் பெயர். கடைக்குப் பின்னால் சமைக்கக் குசினி, குசினிக்குப் பின்னால் இரண்டு அறைகள். எங்கள் முழு உலகமும் அவ்வளவுதான், போதுமானதாகவும் இருந்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் முயல் அங்கிள். இது நானும் தம்பியும் அவருக்கு வைத்த பெயர். ஊருக்கு வெளியே பெரிய பண்ணை வைத்திருந்தார். வெயிலில் சிவந்த கழுத்து, வாசலை அடைக்கிற உடம்பு, நல்ல மனசு. சனிக்கிழமை விடியற்காலையில் கூட்டாளிகளோடு முயல் சுடப் போய்விட்டு, திரும்பும் வழியில் எல்லோருமாக எங்கள் கடைக்குள் வந்து மில்க்‌ஷேக் குடிப்பார்கள். துவக்குகளை ஐஸ்கிறீம் பெட்டியின்மேல் சாத்திவிடுவார்கள். முயல் அங்கிள் மட்டும் தன்னுடையதைக் காசு வாங்குகிற மேசையின்மேலேயே கிடத்துவார், வீட்டுக்காரர் அல்லவா. போகும்போது அப்பாவுக்கென்று உரித்த முயல் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த முயலை அப்பா தானே சமைப்பார். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுக்கென்றே கடவுள் அவுஸ்திரேலிய முயலைப் படைத்திருக்கிறார் என்பது அவருடைய கட்சி. ஆகையால் பின்னால் நடந்த சண்டையில் அப்பா யார் பக்கம் நின்றிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படித்தான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டையைத் தொடக்கிவைத்தவன் தம்பி. அவனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. வெறும் சோடாப் போத்தலின் வாயில் ஊதிச் சத்தம் எழுப்பப் பழகியிருந்தான். கையில் கிடைத்த ஓட்டை எதையும் விடமாட்டான். ஒரு சனிக்கிழமை முயல் அங்கிளின் துவக்கு மேசைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு கிடந்தது. தம்பி சரியாக அதன் உயரத்தில் வந்து நின்று, குழலின் வாயில் தன் வாயை வைத்து ஊதினான். சத்தம் வரவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு மறுபடி ஊதினான்.

சுட வந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முயல் அங்கிள் துவக்கைத் திறந்து காட்டி, உள்ளே ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். உண்மையிலேயே உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இண்டைக்கு இல்லை" என்று தமிழில் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மில்க்‌ஷேக் கிளாஸ்களைக் கழுவும்போது அவர் கையில் ஒன்று உடைந்தது.

அடுத்த சனிக்கிழமை கடை வாசலில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. துவக்குகளை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அம்மாவின் கணக்கில் இதில் புதினம் ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தானே போகிறோம், இதுவும் அப்படித்தான்.

கூட்டாளிகள் தலையைச் சொறிந்தாலும் மறுப்புச் சொல்லவில்லை. வெளிச்சுவரில் வரிசையாகச் சாத்திவிட்டு வந்தார்கள். ஆனால் கோயில் வாசலில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடந்தது. ஒருவர் மற்றவரின் துவக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பறிகொடுத்தவர் திரும்பி வந்து, அது தன்னுடைய தகப்பன் தந்தது என்று குதித்தார். நல்லூர்த் திருவிழாவில் புதுச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தவர் அம்மா. அவருக்கு அந்த மனிதனின் துக்கம் நன்றாக விளங்கியது.

அதனால் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அப்பாவிடம் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுகிற கடதாசிக் கட்டு ஒன்று இருந்தது. அந்த விளையாட்டுக்குத் தேவைப்படாத சின்னக் கடதாசிகளை எடுத்து அம்மா ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினார். வருகிறவர் தன் துவக்கைத் திறந்து வெறுமையாக்கிக் கொடுக்கவேண்டும். ஒரு பாதி துவக்கில் கட்டப்படும், மறுபாதி அவர் கைக்குப் போகும். துவக்கு பின்னால் ஸ்டோர் அறைக்குள் போய்ப் பூட்டப்படும். கோயிலில் செருப்புக்கு ரோக்கன் கொடுக்கிற அதே ஏற்பாடுதான். கூட்டாளிகளுக்கு இது பிடித்துப்போனது. யாருக்கு எந்தக் கடதாசி வருகிறது என்று பார்த்து ஆளையாள் பகிடி பண்ணிக்கொண்டார்கள்.

முயல் அங்கிளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் துவக்கோடு நேரே உள்ளே வந்து வழக்கம்போல மேசையில் கிடத்தினார். அம்மா பாதிக் கடதாசியை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. இது தன்னுடைய தகப்பன் கட்டிய கட்டடம், தன்னுடைய துவக்கு எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்வேன் என்றார். அம்மா மில்க்‌ஷேக் அடிக்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் முயல் அங்கிள் துவக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வருகிற சனிக்கிழமையும் இதே துவக்கோடுதான் வருவேன், அன்றைக்கும் மில்க்‌ஷேக் இல்லையென்றால் நீங்கள் வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு முயலும் வரவில்லை.

அப்பா குசினிக் கதிரையில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாருமப்பா, வீட்டுக்காரனோட கொழுவி என்னத்தைக் காணப்போறீர்? அவன்ர கட்டடம், அவன்ர ஊர். நாங்கள் நேற்று வந்த ஆக்கள்."

"நேற்று வந்தாலும் பிள்ளை என்ரதானே" என்றார் அம்மா.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் அளந்துதான் பேசினார்கள். வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, கந்தோரில் இருக்கவேண்டிய அப்பா வீட்டில் இருந்தார். அறையில் எங்கள் பெரிய தகரப் பெட்டி திறந்து கிடந்தது. இலங்கையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டி. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கூறைச் சேலையைப் பழைய வேட்டியில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்குக்கு என்னுடைய குளிர் மேற்சட்டையால் சுற்றுக்கட்டுப் போட்டிருந்தார்.

எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. என் வகுப்பில் பாதிப்பேர் விடுமுறைக்குப் பிலிப் தீவுக்குப் போய்ப் பென்குயின் பார்த்துவிட்டு வந்து பெருமையடித்திருந்தார்கள். எங்களுக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்கயப்பா போறம்?"

"அம்மா சொல்லட்டும்" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

நான் ஓடிப்போய் என்னுடைய கடற்கரை வாளியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குத்துவிளக்கை நகர்த்தி வாளிக்கு இடம் செய்தார்.

அந்தப் பின்னேரமே அம்மா தலையை இழுத்து முடிந்து, பொட்டு வைத்து, சேலைக்குமேல் குளிர் அங்கி போட்டுக்கொண்டு, கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மணல் பாதையில் முயல் அங்கிளின் பண்ணைவரை நடந்தோம். பண்ணைக்கு இரும்புப் படலை. அதில் பூட்டு இல்லை, கொளுக்கி மட்டும்தான். நான் கொளுக்கியில் கை வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். படலையில் ஒரு பலகை இருந்தது. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, சுடக்கூடாது என்று எழுதியிருந்தது. நாங்கள் வெளியே நின்றோம். காற்று அடித்தது. தம்பி படலைக் குழாயின் ஓட்டையைக் கண்டுபிடித்து ஊதத் தொடங்கினான், அதில் நல்ல சத்தம் வந்தது. அதைக் கேட்டுத்தான் போலும், தூரத்தில் உழவு இயந்திரம் ஒன்று எங்கள் பக்கம் திரும்பியது.

அம்மாவும் அதை ஓட்டிவந்த முயல் அங்கிளும் ஆங்கிலத்தில் பேசியது எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து குசினியில் நின்றபடி அப்பாவுக்குத் தமிழில் சொன்னதுதான் ஞாபகம்.

"'ஏன் வெளியில நிக்கிறீங்கள், திறந்துகொண்டு வாறதுதானே' எண்டு கேட்டார். 'பலகை போட்டிருக்கிறியள், அதுதான் நிக்கிறன்' எண்டன். 'அது மற்ற ஆக்களுக்கு' எண்டார். 'என்ர கடையிலயும் ஒரு மட்டை தொங்குது, அதில மற்ற ஆக்களுக்கு எண்டு நான் எழுதேல்லை' எண்டன்."

"அப்பிடியே சொன்னனீர்?"

"ஓம். பிறகு சொன்னன், எங்கட ஊரில வாடகைக்கு விட்ட வீடெண்டாலும் வீட்டுக்காரன் படலையில நிண்டு கூப்பிட்டுப்போட்டுத்தான் உள்ளுக்க வருவான். காணி உங்கட காணி, நீங்கள் கூப்பிட்டால்தான் நான் வருவன். கடையை என்ர பொறுப்பில விட்டிருக்கிறியள். நீங்கள் எப்பவும் வரலாம். துவக்கு நான் விட்டால்தான் வரும்."

"அவர் என்ன சொன்னவர்?"

"படலையைத் திறந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டார். குடிச்சிட்டு வாறம்."

தேநீரோடு அவருடைய மனைவி சூடான ஸ்கோனும் ஜாமும் தந்ததை அம்மா சொல்ல மறந்துவிட்டார். அதை நான் சொன்னேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியை அவர் அவிழ்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கூட்டாளிகள் முதலில் வந்து தங்கள் கடதாசிகளை வாங்கிக்கொண்டார்கள். யாரும் பகிடி விடவில்லை. எல்லோருடைய கண்ணும் வாசலில். அன்றைக்கு அப்பாவும் கடைக்குள் நின்றார், துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு.

முயல் அங்கிள் வந்தார். தோளில் துவக்கு. கால்மிதியில் சேற்றைத் துடைத்தார், வழக்கத்தைவிட நிறைய நேரம் துடைத்தார். பிறகு திறந்தே கிடந்த கதவில் விரலால் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். சொந்தத் தகப்பன் கட்டிய கதவில்.

வாருங்கள் என்று அம்மா சொன்ன பிறகு, அவர் துவக்கைத் திறந்து காட்டி, இரண்டு கைகளிலும் வைத்து நீட்டினார். அம்மா கடதாசிப் பெட்டிக்குள் கையை விட்டார். சின்னக் கடதாசிகள் முடிந்துபோயிருக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா அப்பாவின் கடதாசிக் கட்டிலிருந்து ஒரு ஜாக்கை உருவி, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, பாதியை அவரிடம் கொடுத்தார். முந்நூற்றிநாலில் ஜாக்குக்கு மேல் ஒன்றும் கிடையாது. முயல் அங்கிளுக்கு அது எங்கே தெரியும், ஏதோ ஒரு கடதாசி என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பாவுக்குத் தெரியும். கட்டு பாழாய்ப்போனதற்கு அவர் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். அவர் போய் மில்க்‌ஷேக் இயந்திரத்தைப் போட்டார். அம்மா தொடவே விடாத இயந்திரம் அது, அன்று விட்டார்.

மத்தியானம் முயல் கறி. அப்பா உறைப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, பரவாயில்லை என்று தானே சொல்லிக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் அறைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கூறைச் சேலையையும் குத்துவிளக்கையும் வெளியே எடுத்து வைத்தார். கடைசியாக என்னுடைய வாளியை எடுத்து என் கையில் தந்தார்.

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். பென்குயின் இல்லை, கடல் இல்லை, எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று நிலத்தில் உருண்டேன். அம்மா ஓடிவந்தார். நான் எதற்காக அழுகிறேன் என்று அப்பா விளக்கியபோது, அம்மா திறந்த பெட்டியையும் அப்பாவையும் பார்த்தார். அந்தப் பெட்டி கட்டப்பட்டது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். "எப்ப கட்டினனீங்கள்?" என்று கேட்டார். அப்பா "நேற்று" என்றார். அம்மா கட்டில் விளிம்பில் இருந்து, சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

என் அழுகைதான் அம்மாவையும் அழவைத்துவிட்டது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பிலிப் தீவு வேண்டாம், ஐஸ்கிறீம் தந்தால் போதும் என்று பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தேன். அப்பா என்னைக் கடைக்குள் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து, விரும்பியதை எடு என்றார்.