கனம் குறைந்த வீடு

கமுதிப் பக்கம் எங்கள் ஊரில், ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு பருத்திக்காட்டில் திடீரென்று பெரிய குழி விழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடு அப்படியே உள்ளே போய்விட்டது. அதை ஒட்டித்தான் என் அண்ணன் பெண்டாட்டி மாரிச்செல்வி மதினியின் வீடு. அண்ணன் இறந்த பின், மிளகாய்க் களத்தில் கூலிக்குப் போய் நெடி ஏறி இருமி இருமி அவள் கட்டிய வீடு. அவளைக் கிளப்ப முடியுமா என்ன?

தரை இன்னும் இறங்குகிறதா என்று அளக்க வந்த சிநேகா என்ற பெண் முதலில் டிரோனைப் பறக்கவிட்டாள். பிறகு மதினியின் வாசலில் ஒரு முக்கோணத் தகரத்தை நட்டாள். வானத்தில் போகும் சாட்டிலைட் அதைப் பார்த்து, தரை நூலளவு இறங்கினாலும் சொல்லிவிடுமாம். மதினி சாயங்காலமெல்லாம் தகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு கண்மாய்த் தண்ணீரில் மெல்ல அமிழ்வதாகக் கனவு வருகிறது என்பாள்.

"கொஞ்சம் எறங்கியிருக்குக்கா" என்று சிநேகா ஒருநாள் சொன்னதுதான் தாமதம், மதினி சாமான்களை வெளியேற்றத் தொடங்கினாள். கனம் குறைந்தால் வீடு இறங்காதாம்! அம்மி என் வீட்டுக்கு வந்தது. பிறகு ஆட்டுக்கல், பீரோ, மிளகாய் மூட்டை.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? என் வீடு மட்டும் பாறையிலயா நிக்கிது?" என்று கத்தினேன். அவள் சிரித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் சிநேகா வந்தாள். "தரை கொஞ்சம் மேல வந்திருக்குக்கா. கரிசல் மண்ணுல்ல, தண்ணி குடிச்சு உப்பியிருக்கு."

மதினி காதில் முதல் பாதிதான் விழுந்தது. "பாத்தியா, அம்மி போனதும் வீடு எந்திரிச்சிருச்சு!" என்று கைதட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் அதை நம்ப ஆசை வந்துவிட்டது. வெறும் வீட்டில் பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. வீடு மிதக்கிறது என்றே நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

சித்திரையில் மண் காய்ந்தது. சிநேகா செல்போனும் கையுமாக வாசலில் நின்றாள். "முந்தி இருந்ததுக்கும் கீழ போயிருச்சு. உள்ள மண்ணு அரிச்சுப் பொந்து பெருசாகுது. இன்னைக்கே கெளம்பணும்க்கா."

மதினி வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனி இங்கன கனம்னு இருக்கது நான் ஒருத்திதான். நானும் போயிட்டா வீடு நிக்குமாத்தா?"

சிநேகா என்னைப் பார்த்தாள். "நிக்கும்க்கா" என்றாள்.

பொய் என்று எனக்குத் தெரியும். மதினி நல்ல கனத்த உடம்புக்காரி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தரை அதிராமல், நுனிக்காலில் நடந்து வெளியே வந்தாள்.