அணுமின் நிலைய மாப்பிள்ளையும் என் மச்சானும்: பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம்

தை பிறந்த இரண்டாவது வாரம், வேலை நாள் ஒன்றில் திருவண்ணாமலையில் கிரிவலம் போய் வந்தேன். பௌர்ணமியை வேண்டுமென்றே தவிர்த்தேன். கூட்டத்தில் இடிபடாமல் மூன்று பேர் பேசிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. அந்த மூவரில் ஒருவர் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடக் கூடாது என்பது அதைவிட முக்கியம்.

விஷயம் இதுதான். என் மகள் கயல்விழிக்குப் பேசியிருக்கும் பிரபு, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இன்ஜினியர். என் மனைவியின் தம்பி ஏழுமலை முப்பது வருடக் கட்சிக்காரர். அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் பதினொரு நாள் சிறையில் இருந்தவர். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, "அணு உலைக்காரன் வீட்டு விசேஷத்துக்கு நான் தட்டு தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் சீர்த்தட்டு வராவிட்டால் நிச்சயமே வேண்டாம் என்றாள் கயல். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நான் விழுப்புரத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி வியாபாரம் செய்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன், கரண்ட் போனால்தான் என் கடை ஓடும். அணுமின்சாரம் பெருகுவதால் எனக்கு நஷ்டம்தான். ஆனால் பையன் நல்ல பையன். அதனால் மச்சானின் பழக்கத்தையே பிடித்துக்கொண்டேன். ஏழுமலை மாதம் தவறாமல் மலை சுற்றுகிறவர். சுற்ற ஆரம்பித்தால் எந்தக் காரணத்துக்கும் பாதியில் விட மாட்டார். ஒருமுறை நல்ல காய்ச்சலில்கூட முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை சுமார் 65 கிலோமீட்டர். முந்தைய நாள் மாலை 4.10 பஸ், ஒருவருக்கு 60 ரூபாய், நானும் மச்சானும் ஆறு மணிக்கு இறங்கினோம். கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தங்க அறை 900 ரூபாய். பௌர்ணமியென்றால் இந்த விலைக்குக் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்தில் செருப்பில்லாமல் கிளம்பினோம். மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திர லிங்கத்தில் கற்பூரம் ஏற்றி நூறு அடி நடந்த பிறகுதான், நான் சொல்லி வைத்திருந்தபடி பிரபு வந்து சேர்ந்துகொண்டான்.

மச்சான் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமா, இது இன்னா வேலை?"

"நடக்க ஆரம்பிச்சாச்சு மச்சான். வாங்க."

"பேட்டரி விக்கிற மூளை. வேற இன்னா பண்ணும்."

அக்னி லிங்கம் தாண்டும்வரை எங்களுக்கு இருபதடி முன்னாலேயே நடந்தார். ரமணாசிரமத்தைக் கடந்து எம லிங்கத்துக்கு எதிரே சுக்குக் காபி குடித்தோம், 15 ரூபாய். அங்கேதான் ஆரம்பித்தார். "தம்பி, நான் பாதியில போவப் போறதில்ல. நீயும் போவக் கூடாது. கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்."

"கேளுங்க சார்" என்றான் பிரபு.

செங்கம் சாலையை விட்டுத் திரும்பியதும் வண்டிச் சத்தம் குறைந்தது. பிரபு நிதானமாகச் சொன்னான். "கொஞ்சம் எரிபொருள் போதும் சார். வெயில், காத்து எதையும் நம்பாம ராவும் பகலும் ஓடும். நிலக்கரிப் புகை கிடையாது. நம்ம கடற்கரை மணல்ல தோரியம் இருக்குது. அதை முழுசாப் பயன்படுத்திட்டா வெளிநாட்டுல கை நீட்ட வேணாம்."

"இதை எத்தினி வருஷமா சொல்றீங்க?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து சார்."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி, கழிவு?"

"கொஞ்சத்தைத் திரும்ப எரிபொருளா எடுக்கறோம். மிச்சத்தைக் கண்ணாடியோட உருக்கி, கெட்டியாக்கிக் காவல்ல வெக்கறோம். பல தலைமுறைக்குக் காவல் வேணும். கடைசியா எங்க வெக்கறதுன்னு இன்னும் முடிவாகல."

மச்சான் நடுரோட்டில் நின்றார். "நூத்துக்கு நூறு பத்திரம்னு சொல்லாத மொத ஆளு நீதான்யா."

பிறகு பிரபு கேட்டான், அவர் ஏன் போராடப் போனார் என்று. "உலையை மூடணும்னா போனேன்? மீன் பிடிக்கறவங்க நாலு கேள்வி கேட்டாங்க. பதில் சொல்ல ஒருத்தனும் வரல. போலீஸ்தான் வந்துச்சு" என்றார். கொஞ்சம் நடந்து, "எங்க கட்சியும் யோக்கியம் இல்ல. ஆட்சியில இருந்தா ஆதரவு, எறங்கிட்டா எதிர்ப்பு" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். எனக்கு இது வியாபாரக் கணக்காகவே புரிந்தது. சரக்கு எவ்வளவு நல்லதானாலும், கேள்வி கேட்டவனை விரட்டுகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

7.30க்கு ஆதி அண்ணாமலை. நாலு இட்லி, ஒரு வடை 50 ரூபாய், சட்னி கேட்கக் கேட்க ஊற்றினார்கள். 8.45க்கு இடுக்குப் பிள்ளையார் கோயில். ஒருக்களித்துப் படுத்துத்தான் அந்தச் சந்துக்குள் நுழைய முடியும். மச்சானின் தொப்பை பாதியில் சிக்கிக்கொண்டது.

பிரபு குனிந்து, "மூச்சை வெளிய விடுங்க சார். வலது தோளை முன்னாடி விடுங்க" என்றான்.

"உன் ஆபீசு பாதுகாப்புப் பாடமெல்லாம் எனக்கு வேணாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் மனிதர் அவன் சொன்னபடியே மூச்சை விட்டார், தோளைத் திருப்பினார், வெளியே வந்தார்.

ஈசான்ய லிங்கம் முடித்து 9.35க்குக் கோபுரத்தடியில் நின்றோம். சுற்று முடிந்துவிட்டது, இனி அவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

"தம்பி, நான் மாறல. நாளைக்கே புது உலை வருதுன்னா கருப்புக் கொடியோட நிப்பேன்."

"நில்லுங்க சார்."

"எங்க ஊருக்கு வந்து, எங்க ஆளுங்ககிட்டயும் இதே மாதிரி தெரிஞ்சது, தெரியாதது ரெண்டையும் சொல்லணும்."

"மேடை ஏற முடியாது சார். கவர்மென்ட் வேலை."

"மேடையை யாரு கேட்டா? கல்யாணம் முடிஞ்சு பொண்ணோட விருந்துக்கு வருவ இல்ல, அப்போ சொல்லு. எலை போடற எடத்துல எல்லாரும் இருப்பாங்க."

பிரபு தலையாட்டிக்கொண்டே நின்றான், பாவம், கல்யாணத்துக்குத் தட்டு வந்துவிட்டது என்பது அவனுக்குப் புரியவில்லை. நான் போனை எடுப்பதற்குள் மச்சானே பிடுங்கிக் கயலைக் கூப்பிட்டார். "கண்ணு, தட்டு இருபத்தொண்ணு போதுமா, ஜாஸ்தி வேணுமா?"

போகிறவர்களுக்கு: வேலை நாளில் போங்கள், ஐந்து மணிக்கே கிளம்பினால் தார் சுடுவதற்குள் முடித்துவிடலாம். அறை வாடகை போக ஆளுக்கு 200 ரூபாய் கையில் இருந்தால் போதும். பேச்சு முறிந்த ஒருவரோடு போவதானால் ஆதி அண்ணாமலைவரை அவசரப்படாதீர்கள், முதல் பாதி கோபத்துக்கே சரியாகிவிடும். ஒத்துக்கொள்ள வைக்கலாம் என்றும் கூட்டிப் போகாதீர்கள். என் மச்சான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வரும் வியாழக்கிழமை இருபத்தோரு தட்டோடு வருகிறார், அவ்வளவுதான். கயலுக்கு அது போதும்.