இடப்பக்கம் இழுத்த கார்

“ஞாயிறு: மச்சான் காரைக் கல்குடாவுக்குக் கொண்டுபோனான். திங்கள்: ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது.”

காரைப் பற்றி அன்றாடம் எழுதிவைக்கும் என் கொப்பியின் இந்த இரண்டு வரிகளை நம்பித்தான், பின்சக்கரங்கள் தள்ள ஓடும் என் ஸ்போர்ட்ஸ் காரை எங்கோ இடித்துவிட்டதாக மனைவியின் தம்பியைத் திட்டினேன்.

“நான் எங்கயும் இடிக்கல்ல அத்தான். கொப்பிய நம்புறீங்க, என்ன நம்புறீங்க இல்ல.” போய்விட்டான்.

வாழைச்சேனை மெக்கானிக் முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டினார். இப்போது கார் வலப்பக்கம் இழுத்தது.

“டயர்தான் பிழை சேர். லொறி ஓடிப் பள்ளமான தடத்தில ஸ்டியரிங் அலையிறதும் இந்த அகல டயராலதான். ஆரு போட்டது?”

நான்தான், மச்சான் காரைக் கொண்டுபோனதற்கு முதல் நாள், சனிக்கிழமை. புது டயர் போட்ட சந்தோஷத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

எத்தனை தரம் அழைத்தும் மச்சான் தொலைபேசியை எடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போனால், பின்வாசலால் வெளியேறிவிடுகிறான். மன்னித்துவிட்டான் என்கிறாள் மனைவி. அவன் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை. “மன்னிப்பு: உறுதிசெய்யப்படாதது” என்றே கொப்பியில் எழுதியிருக்கிறேன்.