மேனேஜர் ஜன்னலுக்குப் போன குறுக்குக் கம்பி

வெல்டரும் மனைவியும் வேலை பார்த்த கிடங்கை இடித்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் எங்கேயாவது ஒல்லியான இரும்புத் தூணைக் கண்டால் போதும், வெல்டருக்கு அந்த பேக்கிங் ஹால் ஞாபகம் வந்துவிடும். டேப் கிழிக்கும் சத்தம், பெண்களின் சிரிப்பு, அத்தனை சிரிப்பிலும் தனியாகக் கேட்கும் மனைவியின் குரல்.

ஹாலுக்கு மேலே சரக்குத் தளம். அதைத் தாங்கிய தூண்களை, தலைக்கு மேல் ஒரு நீளக் கம்பி வரிசையாகக் கோத்துப் பிடித்திருந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே மட்டும் பெருக்கல் குறி போல இரண்டு குறுக்குக் கம்பிகள். கழிவறைக்குக் கிட்டத்து வழி அதுதான். குனிந்து நுழைந்தால் மண்டை இடிக்கும். சுற்றிப் போனால் நேரமாகிறதென்று சூப்பர்வைசர் ஏசுவார். கம்பியை எடுக்கச் சொல்லி வெல்டரின் மனைவி மனு கொடுத்தாள். மனு குப்பைக்குப் போனது. வேறெங்கே போகும்?

ஒரு மதியம் வெல்டர் வந்து பார்த்தால் ஒரு குறுக்குக் கம்பியைக் காணோம். சுவரோரம் கிடக்கிறது, பக்கத்தில் அவருடைய ஸ்பானர். மேலே மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது.

"யாரு கழட்டினது?"

"நான்தாங்க. சும்மா காத்துல நிக்குது. அது எதைத் தாங்குதாம்?" என்றாள் மனைவி.

"அது ஒண்ணையும் தாங்கலடி! தாங்குற தூணு பக்கவாட்டுல வளைஞ்சிடாம புடிச்சிக்குது."

தூணில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். லேசாகத் தொப்பை போட்டிருந்தது. "எல்லாரும் வெளிய ஓடுங்க! மேல இருக்கிறவங்க, மூட்டையை இறக்குங்கப்பா!"

பாரம் இறங்க, தூண் நிமிர்ந்தது. கம்பியைத் திரும்ப மாட்டினார். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"எவ கழட்டினா? இன்னையோட வேலை போச்சு."

"அப்ப எங்க எல்லாருக்கும் போச்சு," என்று பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணே, நீங்க யார் பக்கம்?" என்றாள் ஒருத்தி.

"கம்பி பக்கம். வழி பக்கமும்தான்," என்று வெல்டரும் உட்கார்ந்தார்.

மறுநாள் இன்ஜினியர் வந்து கணக்குப் போட்டார். பெருக்கல் குறியை அடுத்த இடைவெளிக்கு மாற்றலாம். புதுசைப் போட்ட பிறகுதான் பழசைத் தொடவேண்டும். அடுத்த இடைவெளிக்கு நேரே மேனேஜர் அறையின் ஜன்னல்.

"வேற இடமே இல்லையா?" மேனேஜர் இழுத்தார்.

"ஜன்னல் வழியாவா சார் நீங்க போய் வர்றீங்க?" என்றாள் மனைவி.

இன்ஜினியரே சிரித்துவிட்டார். அதற்குமேல் வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை மேனேஜர் எடுக்கவில்லை.

பழைய கம்பி இறங்கிய அன்று அவள்தான் முதலில் அந்த வழியாகக் கழிவறைக்கு நடந்தாள், ராணி மாதிரி நிமிர்ந்து. போனவள் திரும்பி வர ரொம்ப நேரமானது. சூப்பர்வைசர்கூட ஏனென்று கேட்கவில்லை.